அப்பா படித்த கல்லூரியில் பிள்ளைக்கு இடம்: ‘லெகசி’ எவ்வளவு கைகொடுக்கும்?

நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில், கார்கள் நிற்கும் இடத்தில் பெற்றோர் கூடி நின்று பேசுவது பெரும்பாலும் இரண்டே விஷயம்தான்: வீட்டுக்கடன் வட்டி, பிள்ளைகளின் கல்லூரி. பதினொன்றாம் வகுப்புப் பெண்ணின் அப்பா ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: “அண்ணா, நான் இங்கதான் எம்.எஸ். பண்ணேன். பொண்ணு அதே யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணா லெகசின்னு ஏதாவது கிடைக்குமா? அஞ்சு மடங்கு சான்ஸ்னு எங்கேயோ படிச்சேன்.”

அந்த ஐந்து மடங்கு கட்டுக்கதை அல்ல. நல்ல ஆய்வில் இருந்து வந்த எண்தான். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம், யாரோடு யாரை ஒப்பிட்டு வந்த எண் என்று பார்க்காமல் எடுத்துக்கொண்டால் அது மனசுக்கு ஆறுதல் தருவதோடு சரி. அன்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் சேர்க்கை மதிப்பெண் வரிசைப்படி நடப்பதில்லை. கட்-ஆஃப் கிடையாது, ரேங்க் பட்டியல் கிடையாது. பள்ளி மதிப்பெண், எஸ்.ஏ.டி. என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண், கட்டுரைகள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், விளையாட்டு, இசை, சேவை என்று எல்லாம் ஒரே கோப்பாகி ஒரு குழுவின் மேசைக்குப் போகும். பெற்றோர் எங்கே படித்தார்கள் என்பதும் அந்தக் கோப்பில் இருக்கும். விண்ணப்பிக்கும் கல்லூரியிலேயே அவர்கள் படித்திருந்தால் அந்தப் பிள்ளை ‘லெகசி’. ஊரில் இருப்பவர்கள் இதைக் கேட்டதும் மேனேஜ்மென்ட் கோட்டா என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. இதற்கென்று தனியாக ஒதுக்கிய இடங்கள் கிடையாது, கட்டணத்திலும் வேறுபாடு இல்லை, எழுத்தில் எந்த வாக்குறுதியும் இல்லை. இரண்டு கோப்புகள் ஒன்றுபோல் இருக்கும்போது தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் விஷயம். கல்லூரிகள் காலங்காலமாகச் சொல்லிவருவதும் அதுதான்: “தகுதி சமமாக இருந்தால் லேசான ஒரு சாய்வு, அவ்வளவே.” அது உண்மையிலேயே லேசானதா என்பதில்தான் இத்தனை சண்டையும்.

யார் லெகசி என்பதே கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஹார்வர்டில் அப்பாவோ அம்மாவோ இளநிலைப் பட்டத்துக்கு அங்கே படித்திருக்க வேண்டும். பெண்களுக்கென்று இருந்த பழைய ராட்க்ளிஃப் கல்லூரியும் கணக்கில் சேரும். அங்கே எம்.பி.ஏ. முடித்தவரின் பிள்ளைக்கு அந்தப் பெயர் கிடைக்காது. ஸ்டான்ஃபோர்டில் மேற்படிப்பும் சேரும். தாத்தா பாட்டி வரைக்கும் பார்க்கும் இடங்களும் உண்டு. இங்கே எம்.எஸ். படித்து வேலையில் அமர்ந்த நம்மவர்களில் பலருக்கு இந்த முதல் படியிலேயே கதை முடிந்துவிடுகிறது.

வேண்டாதவர்களைத் தள்ளி நிறுத்த ஒரு வழி

இந்த வழக்கம் ஏதோ ஆதிகாலத்து மரபு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு நூறு வயதுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு, யேல் போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வு இருந்தது. தேறினால் இடம். சரியாகத் தேறாவிட்டாலும் பணக்கார வீட்டுப் பையனுக்கு ஏதோ ஒரு நிபந்தனையோடு இடம் கொடுத்தார்கள். போட்டியே இல்லாத இடத்தில் சலுகைக்கு என்ன தேவை?

போட்டி வந்தது கிழக்கு ஐரோப்பாவில் இருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் வடிவில். நியூயார்க், பாஸ்டன் நகரங்களின் அரசுப் பள்ளிகளில் படித்து, தேர்வில் அள்ளிக் குவித்தார்கள். 1922 வாக்கில் ஹார்வர்டின் புது மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர். அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவெல், 15 விழுக்காட்டுக்கு மேல் யூதர்கள் கூடாது என்று வெளிப்படையாகவே வரம்பு போடப் பார்த்தார். எதிர்ப்புக் கிளம்பியது, அவருடைய யோசனை தோற்றது. தோற்றதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தார்கள். 1926இல் வகுப்பின் அளவுக்கு ஆயிரம் என்று உச்சவரம்பு வைத்து, ‘குணநலன்’ பார்த்துச் சேர்ப்பது என்று முடிவானது. விண்ணப்பத்தோடு புகைப்படம், அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயர் போன்றவற்றைக் கேட்கும் பழக்கமெல்லாம் இந்தக் காலத்துச் சரக்கு. கொலம்பியா பல்கலைக்கழகம் இதில் முன்னோடி.

இதே ஆண்டுகளில்தான் முன்னாள் மாணவரின் மகன் என்ற தகுதியும் எழுத்தில் ஏறியது. டார்ட்மத் கல்லூரி 1922இல் ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் முறையை அறிவித்தபோது, தகுதியுள்ள பழைய மாணவர் பிள்ளைகள் எல்லாருக்கும் இடம் உண்டு என்று சேர்த்தே சொன்னது. 1925இல் யேலும் அதையே செய்தது: இடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தாலும், குறைந்தபட்சத் தகுதி இருக்கும் யேல்காரர் மகனை அந்த வரம்பு தடுக்காது. யூதரைத் தடுப்பதுதான் ஒரே நோக்கம் என்று சொல்வது கொஞ்சம் மிகை. இடம் குறைகிறது என்றதும் பழைய மாணவர்கள் பதறியதும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே கதவின் இரண்டு பக்கங்கள். புதிதாக வருபவரை வெளியே நிறுத்தும் கதவு, ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் மகனுக்குத் திறந்தே இருக்க வேண்டும் அல்லவா?

அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதற்கு ஒரு நல்ல ஆவணம் இருக்கிறது. 1935இல் ஜான் எஃப். கென்னடி ஹார்வர்டுக்கு எழுதிய விண்ணப்பம் இன்றும் அவர் பெயரிலான நூலகத்தில் பத்திரமாக உள்ளது. ஏன் ஹார்வர்டுக்கு வர விரும்புகிறாய் என்ற கேள்விக்கு ஐந்தே வாக்கியம். அதில் ஒரு காரணம், அப்பா படித்த கல்லூரியிலேயே படிக்க ஆசை. பிரின்ஸ்டனுக்கும் ஏறத்தாழ இதே பதிலைத்தான் எழுதியிருந்தார். இதைக் காட்டி இன்று கேலி செய்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: அன்று விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைத்தது. இன்று ஹார்வர்டில் நூறு பேர் விண்ணப்பித்தால் மூன்று நான்கு பேருக்குத்தான் இடம். அதே சலுகையின் விலை இன்று பல மடங்கு.

இடையில் ஒருமுறை இதை ஆட்டிப் பார்த்தவர் யேலின் சேர்க்கைத் தலைவராக 1965இல் வந்த இன்ஸ்லி கிளார்க். பழைய மாணவர் பிள்ளைகளின் பங்கைக் குறைத்தார். கடிதங்கள் குவிந்தன, நன்கொடையை நிறுத்துவோம் என்ற மிரட்டலும் வந்தது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் யேலில் சேர்ந்தது 1964இல், அதாவது கிளார்க் வருவதற்கு ஓராண்டு முன்னால். அப்பா யேல், தாத்தாவும் யேல். நாற்பது ஆண்டு கழித்து, அதிபராக இருந்தபோது ஒரு பத்திரிகையாளர் கூட்டத்தில் கேட்டார்கள்; லெகசி சலுகை போகத்தான் வேண்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

மூன்று விதமான எண்கள்

சரி, எவ்வளவு உதவுகிறது? இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள்.

ஹார்வர்டு மீது 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கு, லெகசி பற்றியதே அல்ல. ஆசிய அமெரிக்க மாணவர்களைப் பாரபட்சமாக நடத்துகிறார்கள் என்பதுதான் புகார். ஆனால் அந்த வழக்குக்காக ஹார்வர்டு தன் சேர்க்கைத் தரவை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்கள் பூட்டி வைத்திருந்த பெட்டி அப்படித்தான் திறந்தது. ஆறு ஆண்டுச் சேர்க்கையைப் பார்த்தபோது, லெகசி விண்ணப்பதாரர்களில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினருக்கு இடம். மற்றவர்களில் 6 விழுக்காட்டினருக்கு.

இது முதல்வகை எண்: வெறும் ஒப்பீடு. பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் இதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யக்கூடாது. ஹார்வர்டு பட்டதாரியின் வீட்டில் வளரும் பிள்ளைக்கு நல்ல பள்ளி, நிறைய புத்தகம், கட்டுரையைத் திருத்தித் தர ஆள், எல்லாம் அமைந்திருக்கும். லெகசி என்ற முத்திரை இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை மற்றவர்களைவிட முன்னால்தான் நிற்கும். 34க்கும் 6க்கும் உள்ள இடைவெளியில் முத்திரையின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு?

அதைப் பிரிக்க முயல்வது இரண்டாம் வகை. பிரின்ஸ்டன் சமூகவியலாளர் தாமஸ் எஸ்பன்ஷேடும் சகாக்களும் 2004இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது, லெகசியாக இருப்பது 1600க்கான எஸ்.ஏ.டி. தேர்வில் 160 மதிப்பெண் கூடுதலாக வாங்கியதற்குச் சமம். 1380 வாங்கியவர் 1540 வாங்கியவர்போல் ஆகிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசான சாய்வு என்ற சொல்லுக்கு இது கொஞ்சம் கனமான எண்.

2011இல் மைக்கேல் ஹர்விட்ஸ் செய்தது இன்னும் நுட்பமானது. முப்பது உயர்நிலைக் கல்லூரிகளின் தரவை எடுத்து, அவற்றில் பலவற்றுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பித்த மாணவர்களைப் பார்த்தார். ஒரே பெண், ஒரே மதிப்பெண், ஒரே வளர்ப்பு. ஒரு வாசலில் அவள் லெகசி, மற்ற வாசல்களில் இல்லை. வளர்ப்பின் பங்கு இதில் தானாகவே கழிந்துவிடுகிறது. அப்பாவோ அம்மாவோ அங்கே இளநிலை படித்திருந்தால், இடம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 7.6 மடங்காகிறது என்று கண்டார். அண்ணனோ அத்தையோ படித்திருந்தால், அல்லது பெற்றோர் படித்தது அங்கே மேற்படிப்பு என்றால், இரண்டு மடங்குதான்.

இந்த 7.6 என்ற எண்ணைச் செய்திகள் வாய்ப்பு ஏழு மடங்கு என்று எழுதிவிட்டன. அது தவறு, ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். முத்திரை இல்லாமல் உங்கள் பெண்ணுக்கு 10 விழுக்காடு வாய்ப்பு என்றால், ஒன்பதுக்கு ஒன்று என்ற விகிதம். அதை 7.6ஆல் பெருக்கினால் வாய்ப்பு 46 விழுக்காட்டுக்கு அருகில் வரும். ஏற்கெனவே 40 விழுக்காடு இருந்தால் 84 ஆகும், அதாவது இரண்டு மடங்கு. வெறும் 1 விழுக்காடு இருந்தால் 7 ஆகும். ஏழு மடங்கு என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் நூறில் தொண்ணூற்று மூன்று தடவை “வருந்துகிறோம்” என்ற மின்னஞ்சல்தான் வரும்.

என் கணிப்பில் இந்த விவகாரத்தின் மையமே இதுதான். லெகசி, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையை உள்ளே இழுத்துவிடும். கோட்டுக்கு வெகுதூரத்தில் நிற்பவரை அதனால் இழுக்க முடியாது. ஹார்வர்டிலேயே மூன்றில் இரண்டு லெகசி விண்ணப்பங்கள் தள்ளுபடியாகின்றன. ஆனால் இந்தக் கல்லூரிகளில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரைத் தொட்டு எடுப்பது என்பது சின்ன விஷயமே இல்லை. ஹார்வர்டில் கடைசிக் கட்டத்தில், இடத்தைவிடத் தேர்வானவர்கள் அதிகமாகிவிட்டால் சிலரைக் கழிப்பார்கள். ‘லாப்’ என்று பெயர், மரத்தில் கிளை கழிப்பதுபோல. யாரைக் கழிக்கலாம் என்று யோசிக்கும் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் நான்கே விவரங்கள் இருந்ததாக அந்த வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்கிறது: லெகசியா, விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவரா, உதவித்தொகைக்குத் தகுதி உண்டா, எந்த இனம். கணக்கில் எத்தனை மதிப்பெண் என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

மூன்றாவது எண்தான் வாகன நிறுத்தத்தில் கேட்ட அந்த ஐந்து மடங்கு. 2023 ஜூலையில் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் வெளியிட்டது. செட்டி தில்லியில் பிறந்த, தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஹார்வர்டில் பொருளியல் பேராசிரியர். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களோடு ஸ்டான்ஃபோர்டு, டியூக், சிகாகோ, எம்.ஐ.டி. (குரோம்பேட்டையில் இருப்பது அல்ல) சேர்த்துப் பன்னிரண்டை எடுத்துக்கொண்டார்கள். சேர்க்கைத் தரவை வருமான வரித் தரவோடு இணைத்தார்கள். அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

ஒரே எஸ்.ஏ.டி. மதிப்பெண் உள்ளவர்களை ஒப்பிட்டால், லெகசிக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. முத்திரையை அழித்துவிட்டு மற்றத் தகுதிகளை மட்டும் பார்த்தாலும் அவர்கள் கொஞ்சம் முன்னால்தான் இருக்கிறார்கள், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வாய்ப்போடு. மிச்சமெல்லாம் முத்திரையின் வேலை. அதற்கு ஒரு சான்றும் காட்டினார்கள்: அதே லெகசிப் பிள்ளைகள் பெற்றோர் படிக்காத வேறு ஐவி கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த மேலோங்கல் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது.

ஐந்து மடங்கு யாருக்கு? ஆண்டு வருமானம் 6,11,000 டாலருக்கு மேல் உள்ள, உச்சியில் இருக்கும் ஒரு விழுக்காட்டுக் குடும்பங்களின் லெகசிப் பிள்ளைகளுக்கு. வருமானத்தில் கீழே இருக்கும் 90 விழுக்காட்டைச் சேர்ந்த லெகசிக்கு மூன்று மடங்கு. ஒரே முத்திரைதான், ஆனால் பணக்கார வீட்டுக் கோப்பில் குத்தினால் கூடுதலாகப் பதிகிறது.

இன்னொரு எண்ணையும் அடிக்கடி தப்பாகச் சொல்கிறார்கள். ஹார்வர்டில் இடம் பெற்ற வெள்ளை இன மாணவர்களில் 43 விழுக்காடு லெகசி என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றியது. வழக்கில் மனுதாரர் தரப்பு நிபுணராக இருந்த டியூக் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பீட்டர் அர்சிடியாகோனோவும் சகாக்களும் சொன்ன 43 என்பது நான்கு வகைகளின் கூட்டு: விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்கள், லெகசி, நன்கொடையாளர் போன்றோருக்கான டீன் பட்டியலில் உள்ளவர்கள், ஆசிரியர் ஊழியர் பிள்ளைகள். கறுப்பின, ஆசிய, இஸ்பானிய மாணவர்களிடையே இந்த நால்வகையின் பங்கு 16 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த 43இல் நான்கில் மூவர், இந்தச் சலுகைகள் இல்லாத வெள்ளை மாணவராக விண்ணப்பித்திருந்தால் உள்ளே வந்திருக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணிப்பு.

பணம் வருகிறதா?

எதற்காக இதைக் கட்டிக்காக்கிறார்கள்? கல்லூரிகள் ‘தலைமுறை கடந்த உறவு’ என்பார்கள். வெளியில் இருப்பவர்கள் நன்கொடை என்பார்கள். முன்னாள் மாணவர் நன்கொடை பற்றி ஜொனாதன் மீர், ஹார்வி ரோசன் இருவரும் செய்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தனியார்ப் பல்கலைக்கழகத்தின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்குப் பதினான்கு பதினைந்து வயது ஆகும்போது பெற்றோரின் நன்கொடை ஏறுகிறது. இடம் கிடைக்காத ஆண்டில் விழுகிறது. அமெரிக்கப் பட்டதாரியும் பிள்ளை விஷயத்தில் நம்மைப்போல்தான், நேர்த்திக்கடன் போடும் இடம்தான் வேறு.

ஆனால் கல்லூரி என்ற அளவில் பார்த்தால் படம் வேறாகிறது. 2010இல் வந்த ஓர் ஆய்வு, முதல் நூறு பல்கலைக்கழகங்களின் 1998 முதல் 2007 வரையிலான நன்கொடைகளை எடுத்து, பழைய மாணவர்களின் வசதியைக் கணக்கில் கொண்டபின், லெகசி சலுகை இருப்பதால் நன்கொடை கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றது. எம்.ஐ.டி.யும் கால்டெக்கும் இந்தச் சலுகை இல்லாமலே ஓடுகின்றன. யாருக்கும் அங்கே பணத்தட்டுப்பாடு வந்ததாகத் தெரியவில்லை. கல்லூரிகள் அதிகம் பேசாத ஒரு காரணமும் உண்டு. லெகசி மாணவருக்கு இடம் கொடுத்தால் அவர் வந்து சேர்வது ஏறக்குறைய உறுதி, முழுக் கட்டணம் கட்டக்கூடிய வீடாகவும் இருக்கும். பட்ஜெட் போடுபவருக்கு இந்த இரண்டும் பெரிய நிம்மதி.

எடுத்துவிட்டால் யார் உள்ளே வருவார்?

லெகசியை ஒழித்தால் ஏழைப் பிள்ளைகள் உள்ளே வருவார்கள் என்று எதிர்ப்பாளர்கள் சொல்வார்கள். இதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. காலியாகும் இடம் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் அடுத்தவருக்குப் போகும். அவர் பெரும்பாலும் நல்ல பள்ளி இருக்கும் புறநகரில் வளர்ந்த மருத்துவர் அல்லது பொறியாளர் வீட்டுப் பிள்ளை. நம் பிள்ளைகளாகவும் இருக்கலாம், அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை.

எல்லாரும் காட்டும் உதாரணம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். தலைவர் ரொனால்டு டேனியல்ஸ் 2014இல் ஓசையில்லாமல் நிறுத்தினார், 2020இல்தான் வெளியே சொன்னார். புது மாணவர்களில் லெகசியின் பங்கு 2009இல் 12.5 விழுக்காடு, 2019இல் 3.5. அதே பத்தாண்டில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசின் பெல் உதவித்தொகைக்குத் தகுதியானவர்கள் 9இல் இருந்து 19.1 விழுக்காடு ஆனார்கள். அருமையான மாற்றம். ஆனால் 2018இல் மைக்கேல் ப்ளூம்பெர்க் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகைக்காகவே 180 கோடி டாலர் கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கதவைத் திறந்தது ஒரு கை, உள்ளே வந்தவருக்குக் கட்டணம் கட்டியது இன்னொரு கை.

செட்டி குழுவின் கணக்கும் இதே அளவில்தான் நிற்கிறது. லெகசியோடு விளையாட்டுச் சலுகை, பாடத்துக்கு வெளியே உள்ள தகுதிகளுக்குத் தரும் கூடுதல் எடை ஆகிய மூன்றாலும் பணக்காரருக்குக் கிடைக்கும் ஆதாயத்தை நீக்கினால், உச்சி 5 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள குடும்பங்களின் பங்கு 8.7 புள்ளி கூடும். 1,650 பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ 145 பேர். அதிலும் லெகசி ஒரு பகுதிதான்.

அப்படியென்றால் 145 இடத்துக்கா இவ்வளவு கூச்சல் என்று கேட்கலாம். அமெரிக்கர்களில் அரை விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள் படிக்கும் இந்தப் பன்னிரண்டு இடங்களில் இருந்துதான் செனட் உறுப்பினர்களில் கால்வாசிப் பேரும், கடந்த அரை நூற்றாண்டில் நியமிக்கப்பட்ட உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் முக்கால்வாசிப் பேரும் வந்திருக்கிறார்கள். நல்ல அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் பதில் இங்கே படிப்பதால் சராசரிச் சம்பளம் பெரிதாக மாறுவதில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. உச்சிக்குப் போகும் வாய்ப்புதான் ஒன்றரை மடங்காகிறது. எண்ணிக்கை சின்னது, இருக்கைகள் பெரியவை.

தீர்ப்புக்குப் பிறகு

அந்த ஹார்வர்டு வழக்கில் 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக்கூடாது என்றது. லெகசியைத் தொடவில்லை. ‘லாப்’ பட்டியலின் நான்கு விவரங்களில் ஒன்றை அழித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டதுபோல. தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி நீல் கோர்சச்சே தன் தனிக் கருத்தில் நன்கொடையாளர், முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்கான சலுகைகளைச் சாடியிருந்தார். இந்த முரண்பாடு புதிதல்ல. 1990இல் கல்வித் துறை ஹார்வர்டை விசாரித்தபோது, ஆசிய அமெரிக்கர்களுக்கு ஏன் குறைவாக இடம் கிடைக்கிறது என்பதற்கு லெகசியும் விளையாட்டுமே காரணம், இனப் பாரபட்சம் அல்ல என்று சொல்லி வழக்கை முடித்தார்கள். ஒரு கேள்விக்கு அதையே விடையாகக் கொடுத்து அனுப்பிய கதை.

டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் இதற்கு முன்னோட்டம் நடந்திருந்தது. இனத்தைப் பார்க்க மாட்டோம் என்று முடிவெடுத்த தலைவர் ராபர்ட் கேட்ஸிடம், அப்போது தாத்தா பெயரை மட்டும் ஏன் பார்க்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்க, 2004இல் அதையும் கைவிட்டார். கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகம் 1998இலேயே விட்டுவிட்டது. 2023 தீர்ப்புக்குப் பின் அந்தக் கேள்வி நாடு முழுக்க எழுந்தது. வெஸ்லியன், வர்ஜீனியா டெக் போன்றவை நிறுத்தின. அம்ஹெர்ஸ்ட் 2021இலேயே நிறுத்தியிருந்தது. கொலராடோ 2021இல் அரசுக் கல்லூரிகளில் தடை போட்டது, 2024இல் வர்ஜீனியாவும் இல்லினாயும். மேரிலாந்து தனியார் கல்லூரிகளையும் சேர்த்துத் தடுத்தது.

இந்த நேரத்தில் கேட்கத் தொடங்கிய ஒரு முணுமுணுப்பையும் சொல்ல வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தக் கல்லூரிகளுக்குள் நுழைந்த கறுப்பின, இஸ்பானிய, ஆசிய மாணவர்களின் பிள்ளைகள் இப்போதுதான் விண்ணப்பிக்கும் வயதுக்கு வருகிறார்கள். “எங்கள் முறை வரும்போதுதான் ஏணியை எடுப்பீர்களா?” என்கிறார்கள். இங்கேயே பிறந்து ஐவியில் படித்த தமிழ்த் தலைமுறையும் அந்த வரிசையில் உண்டு. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஏணியில் முன்னால் ஏறி நிற்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், அதை வைத்திருப்பதால் கூடுதல் லாபம் யாருக்கு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

கலிபோர்னியா 2024 செப்டம்பரில் தனியார் கல்லூரிகளுக்கும் தடை கொண்டுவந்தது, 2025 செப்டம்பரில் இருந்து அமல். 2022இல் ஸ்டான்ஃபோர்டு இடம் கொடுத்தவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் பழைய மாணவர் அல்லது நன்கொடையாளர் தொடர்புள்ளவர்கள். அந்த மாநிலச் சட்டத்துக்குள் வராமல் இருக்க ஸ்டான்ஃபோர்டு ஒரு வழி கண்டது. கால் கிராண்ட் என்ற மாநில உதவித்தொகையே தன் மாணவர்களுக்கு வேண்டாம், அந்தப் பணத்தைச் சொந்த நிதியில் இருந்து கொடுத்துக்கொள்கிறோம், லெகசியைத் தொடர்கிறோம் என்று 2025இல் அறிவித்தது. இந்தச் சலுகை லேசான சாய்வுதான் என்று சொல்லிவந்தவர்கள், அதை வைத்துக்கொள்ள மாநிலத்தின் பணத்தையே விட்டுக்கொடுக்கிறார்கள்.

வாகன நிறுத்தத்து நண்பருக்கு வருகிறேன். ‘காமன் டேட்டா செட்’ என்று ஒரு படிவத்தைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையில் முன்னாள் மாணவர் உறவு என்று ஒரு வரி இருக்கும். மிக முக்கியம், முக்கியம், கணக்கில் கொள்கிறோம், கணக்கில் கொள்வதில்லை என்ற நான்கில் ஒன்றில் குறியிட்டிருப்பார்கள். இரண்டு நிமிட வேலை. அவர் எம்.எஸ். படித்த அரசுப் பல்கலைக்கழகத்தின் படிவத்தைத் தேடினேன். குறி கடைசிக் கட்டத்தில் இருந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: “சரிண்ணா. அப்போ கட்டுரையை இன்னொரு தடவை எழுதச் சொல்றேன். நீங்க ஒரு பார்வை பார்த்துக் குடுங்க.”